வாசமுட்டையின் அடிப்பக்கம்

3 செப்டெம்பர் 2024, செவ்வாய்

காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது இவர் கேட்டார்: "இண்டைக்கும் அந்தப் பெட்டியளோடைதானோ?"

ஓம், பழம்பொருள் பெட்டியளோடைதான். பத்தொன்பது வருசம் பல் செய்கிற லாப்பில் இருந்து ஊர்ச்சனத்தின் பல்லுக்கெல்லாம் உறை செய்தேன். போன வருசம் லாப்பை மூடிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் நான் சோபாவில் இருந்து சீரியல் பார்ப்பேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்களின் பிழை. மகள் யதுர்ஷா துரொண்ட்ஹைமுக்குப் படிக்கப் போனபிறகு அவளின் அறை சும்மாதான் கிடந்தது. அதற்குள் மேசை போட்டேன், விளக்குப் பூட்டினேன். கையில் தொழில் இருக்கிறது. போதும்.

பதினொரு மணிக்கு லூக்காஸ் வந்தான். ஃப்ரொக்னரில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறவன். பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக்காரர் நடத்துகிற பழைய சாமான் சந்தையில், ஒரு பவுடர் டப்பியின் பிணைச்சலைக் கொண்டை ஊசியால் நான் சரிக்கட்டிக்கொண்டு நின்றதைக் கண்டு, அங்கேயே தன் கார்ட்டைத் தந்தவன். அன்றிலிருந்து மாதம் பத்துப் பன்னிரண்டு சாமானாவது வருகிறது.

இன்றைக்கு இரண்டு பவுடர் டப்பி. மூன்றாவதைக் கோட்டுப் பைக்குள் இருந்து, லேஞ்சியில் சுற்றினபடி எடுத்தான். வெள்ளியில் ஒரு சின்ன இதயம். என் பெருவிரல் அளவு. தலையில் குட்டிக் கிரீடம், கீழே பாதம். மூடியைத் திறந்தால் உள்ளே பொன்முலாம். வாசத்தண்ணியில் நனைத்த பஞ்சை இதற்குள் வைத்து அந்தக் காலத்துப் பணக்காரப் பெண்கள் தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்களாம். பிரசங்கம் நீண்டு தலை சுற்றினால் மூக்கடியில் பிடிப்பார்களாம். மாப்பிள்ளை பெண்ணுக்கு நிச்சயத்துக்குக் கொடுக்கிற சாமான் என்றான். நோர்வேஜியனில் லுக்தெவான்ஸெக், வாசத்தண்ணி முட்டை. நான் வேலைத்தாளில் "வாசமுட்டை" என்று எழுதினேன்.

மூடி சரியாகப் பொருந்தவில்லை. அது சின்ன வேலை. பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "இங்கை ஆரோ கிறுக்கியிருக்கினம். தேய்ச்சு எடு. பழைய பொறிப்பு தேய்ஞ்சு போச்சு, அதைத் திருப்பி வெட்டவேணும்." கடதாசியில் கீறிக் கொண்டுவந்திருந்தான். மூன்று எழுத்து, சுற்றிவர இலைக்கொடி, கீழே 1784.

வழமைபோல் நான்கு பக்கமும் அடியும் படம் எடுத்து நம்பர் போட்டேன். பல் லாப்பில் பழகின பழக்கம். எந்தப் பல், எந்த உலோகம், எந்தத் திகதி, யார் கை பட்டது — எல்லாம் பதியவேணும்.

5 செப்டெம்பர், வியாழன்

முடிந்தது. அடி கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. எழுத்து வெட்ட மூன்று மணித்தியாலம். இலைக்கொடியின் வளைவில் ஒரு இடத்திலும் உளி சறுக்கவில்லை. வெட்டினது பளபளவென்று தெரியக்கூடாது, மருந்து பூசிக் கறுப்பாக்கு என்றும் சொல்லியிருந்தான். பூசினேன்.

லூக்காஸ் கண்ணாடி போட்டு அதிக நேரம் பார்த்தான். புஷ்பராணி என்பது அவன் வாயில் புஷ்பாதான். "புஷ்பா, உன்ரை கைக்கு இருநூறு வயசு" என்றான்.

சந்தோசமாக இருந்தது.

18 செப்டெம்பர், புதன்

மழை. அந்த வாசமுட்டை ஏன் இன்னும் மனதுக்குள் கிடக்கிறது?

21 நவம்பர், வியாழன்

யதுர்ஷா போனில் ஒரு படம் அனுப்பினாள். "அம்மா, இது நீங்கள் செய்ததெல்லோ?" வேலை முடிந்த அன்றைக்கே அவளுக்குப் படம் அனுப்பிக் காட்டியிருந்தேன். நகரத்தில் ஒரு ஏலக் கடையின் பட்டியல். என் வாசமுட்டை! காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், யாரும் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தது. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு குரோருட்டில் தெ-பான் ரயிலைப் பிடித்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள், நீல வெல்வெட்டில், கீழே ஒரு சின்னக் கண்ணாடி வைத்து அடிப்பக்கம் தெரியும்படி வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் முத்துமாலை போட்ட ஒரு மனுசி தன் புருஷனுக்குச் சொன்னாள்: "எழுத்தைப் பார். இப்ப இப்பிடி ஒரு கை ஆருக்கு இருக்கு?"

எனக்கு முதலில் வந்தது பெருமை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் நடந்தது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பிறகுதான் அட்டையை வாசித்தேன். "அசல் பொறிப்புடன். பிஷப் ஒருவரின் மகளுக்கு 1784ல் வழங்கப்பட்ட நிச்சயப் பரிசு."

அசல். மூன்று தரம் வாசித்தேன். திருத்தியது, திரும்ப வெட்டியது, ஒரு சொல் இல்லை. அந்தப் பிஷப்பின் மகளை லூக்காஸ் எந்தப் புத்தகத்தில் பிடித்தானோ தெரியாது. அவளின் எழுத்து அந்த வெள்ளியில் ஒருநாளும் இருந்ததில்லை. தேய்ந்த பொறிப்பு என்றால் தடம் இருக்கவேணும். தடம் இருக்கவில்லை. எனக்கு அது செப்டெம்பரிலேயே தெரியும். ஓம், தெரியும்! தெரியாத மாதிரி இருந்தனான்.

22 நவம்பர், வெள்ளி

விடிய எழும்பினதும் கொம்பியூட்டரில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். வேலைக்கு முந்தின படம். அடிப்பக்கம். பெரிதாக்கினேன்.

கிறுக்கல் இல்லை. பெயர். ஊசியாலோ ஆணியாலோ, எழுதத் தெரியாத கை ஒன்று எழுத்து எழுத்தாய்க் கஷ்டப்பட்டுக் கீறியிருக்கிறது. ஒரு எழுத்து மற்றப்பக்கம் திரும்பி நிற்கிறது. கடைசி எழுத்துக்கு இடம் காணாமல் மேலே ஏறிப் போயிருக்கிறது.

மார்த்தே.

பிஷப்பின் மகளுக்கு வெள்ளித்தட்டான் இருந்திருப்பான். இவளுக்கு ஊசிதான். எப்படி இவள் கைக்கு வந்தது? யாராவது ஆசையில் வாங்கிக் கொடுத்தானா? வீட்டுக்காரி கழித்துக் கொடுத்ததா? எடுத்துக்கொண்டாளா? எதுவென்றாலும் "இது என்ரை" என்று எழுதிவைத்தாள். இருநூறு வருசத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. நான் இருபது நிமிசத்தில் தேய்த்து எடுத்தேன்.

லூக்காஸுக்குப் போன் அடித்தேன்.

"அசல் எண்டு போட்டிருக்கு" என்றேன்.

"பட்டியல் எழுதினது நானில்லை."

"நீ சொல்லாமல் அவைக்கு எப்பிடித் தெரியும்?"

மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னான்: "புஷ்பா, நான் கேட்டதை நீ செய்தாய். நல்லாச் செய்தாய். உன்ரை பேரை நான் ஒரு இடத்திலையும் சொல்லேல்லை, அது உனக்குப் பாதுகாப்பு. நீ வாய் திறந்தால் முதல் கேள்வி வெட்டினது ஆர் எண்டுதான். யோசி."

உன் பாதுகாப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு. இதை அவனுக்குச் சொல்லவில்லை. "சரி" என்று போனை வைத்தேன். சொல்லியிருக்கவேணும்.

23 நவம்பர், சனி

இவரிடம் சொன்னேன். சாப்பாட்டை முடிக்கவிட்டுத்தான் சொன்னேன்.

"உமக்கென்ன விசரோ?" என்றார். "அவன் ஏமாத்தினால் அவன்ரை பாடு. வாங்கிறவன் பணக்காரன். நீர் ஏன் இடையிலை போய் விழுறீர்?"

"வெட்டினது நான்."

"அதைத்தான் சொல்லுறன்! வெட்டினது நீர்! பொலிசுக்குப் போனால் அவன் தப்பிவிடுவான், அகப்படுறது நீர்தான். முப்பத்தொரு வருசம் இந்த நாட்டிலை பஸ் ஓடுறன். ஒரு கடிதம் வந்ததோ? ஒரு சிவப்பு லைட்டுக்கு மேலாலை போனனானோ? தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தபடியால்தான் இருக்கிறம்."

"நான் குனிய மாட்டன்."

"ராணி —"

"ஒரு பொம்பிளையின்ரை பேரை அழிச்சுப்போட்டு அதுக்கு மேலை இன்னொருத்தியின்ரை பேரை வெட்டியிருக்கிறன். பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியளோ?"

"செத்து இருநூறு வருசம்! அவளுக்கு என்ன வரப்போகுது?" கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். "நீர்" போய் "நீ" வந்துவிட்டது. "நீ என்ன செய்தாலும் செய். ஆனா நான் உன்னோடை வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

வரவேண்டாம்.

24 நவம்பர், ஞாயிறு

அவர் புட்டு அவித்தார். நான் படங்களை அச்சடித்தேன்.

25 நவம்பர், திங்கள்

ஒன்பதரைக்கே ஏலக் கடை வாசலில் நின்றேன். கதவு திறந்ததும் உள்ளே போனேன்.

வெள்ளிச் சாமானுக்குப் பொறுப்பானவர் இங்கெர் என்று ஒரு மெல்லிய மனுசி. என் வயது இருக்கும். நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, கதிரை தந்து, என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"உங்கட பட்டியலிலை இருக்கிற வாசமுட்டை பற்றிக் கதைக்க வந்தனான். அடியிலை இருக்கிற எழுத்து பழசில்லை. செப்டெம்பர் அஞ்சாம் திகதி வெட்டினது."

"அதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் வெட்டினனான்."

அந்த மனுசி உடனே எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நீங்கள் என்ன சொல்லுறீங்கள் எண்டு உங்களுக்கு விளங்குதா?"

"விளங்குது. வேணுமெண்டால் மெதுவாச் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ."

பட்டியலும் அதில் இருந்த பிஷப்பின் மகளின் கதையும் அவரின் பொறுப்பு, அதனால் அவரால் லேசில் நம்பமுடியவில்லை. வாசமுட்டையைக் கொண்டுவரச் செய்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, இது பழைய கைதான் என்றார். நான் இலைக்கொடியின் மூன்றாவது வளைவைப் பார்க்கச் சொன்னேன். அந்த வளைவுக்குப் பிடித்த உளியின் நுனி கொஞ்சம் மழுங்கல், அன்றிலிருந்து தீட்டவில்லை. வெட்டின பள்ளத்துக்குள் ஒரு மயிர்க்கோடு ஓடும். பிறகு பையிலிருந்து உளியை எடுத்து, நான் கொண்டுபோன வெள்ளித் தகட்டில் அதே வளைவை அவர் கண்ணுக்கு முன்னால் வெட்டினேன். கை நடுங்கவில்லை. வேலை தொடங்கினால் என் கை நடுங்காது.

அதே மயிர்க்கோடு.

கடைசியாகத்தான் படத்தை வைத்தேன். இங்கெர் அந்தப் பெயரை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "ஐயோ" என்கிற மாதிரி அவர்கள் பாசையில் ஒரு சத்தம்.

"இதையும் நான்தான் அழிச்சனான்" என்றேன்.

27 நவம்பர், புதன்

ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பொலிசுக்கும் அறிவித்திருக்கிறார்கள்.

லூக்காஸ் வந்தான். வாசலிலேயே நின்றான். சத்தம் போடவில்லை. "நன்றி கெட்ட வேலை" என்றான். "உனக்கு ஆர் இனி வேலை தருவினம் எண்டு பாப்பம்."

"பார்" என்றேன். அவனின் ஏழு சாமானையும் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வேலைத்தாளை வைத்து, எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று பேனையை நீட்டினேன். போட்டான். வேற என்ன செய்வான்?

30 நவம்பர், சனி

அவன் சொன்னது பலிக்கிறது. எனக்கு வேலை தந்த மற்ற இரண்டு கடைக்காரரும் தங்கள் சாமான்களைத் திருப்பிக் கேட்டு மெசேஜ் போட்டார்கள். ஒருத்தரும் காரணம் சொல்லவில்லை. மேசை வெறுமையாகக் கிடக்கிறது. துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன்.

அழவில்லை என்று எழுதினால் பொய்.

7 டிசெம்பர், சனி

தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போது விமலாதேவி அக்கா. எங்கள் புளொக்கில் நான்காம் மாடி.

"புஷ்பராணி, ஏதோ கள்ளச்சாமான் வழக்கிலை பிடிபட்டிட்டீராம்? ஆர்தான் சொன்னதோ... எனக்கு நம்பேலாமல் கிடந்தது."

கடையில் ஆறேழு பேர். எல்லார் கையும் மரக்கறியில், காது எங்களில்.

"ஓம் அக்கா, நான்தான் வெட்டினனான்" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பிழையான வேலை எண்டு தெரிஞ்சே செய்தனான். பிறகு நானே போய்ச் சொன்னனான். வேறை என்ன தெரியவேணும்? இஞ்சையே கேளுங்கோ, வீட்டுக்குப் போனாப்பிறகு போனிலை கதைச்சுச் சிலவழியாதேங்கோ."

அக்கா பாகற்காய்ப் பக்கம் போய்விட்டா. முருங்கைக்காய் நல்லதாக இருந்தது, நாலு வாங்கினேன்.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொலிசில் இரண்டரை மணித்தியாலம். லூக்காஸ் எல்லாம் என் யோசனை என்று சொல்லியிருக்கிறான்! அவன் கீறித் தந்த கடதாசி வேலைத்தாளோடு குத்தி வைத்தபடி என்னிடம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. கொடுத்தேன். இன்னும் இரண்டு பேர் அவனைப் பற்றி வந்து சொல்லியிருக்கிறார்களாம். என்னை இப்போதைக்குச் சாட்சி என்றே வைத்திருக்கிறோம், மாறவும் கூடும் என்றார் அந்த அதிகாரி. மாறினால் மாறட்டும். சொன்னதைத் திருப்பி எடுக்கப் போறதில்லை.

வெளியே வந்தால் இவர். பஸ் யூனிபோர்மோடு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில். வரமாட்டன் என்றவர்.

"வேலை இல்லையோ?"

"மாத்திக் குடுத்தனான்." பிறகு, "குளிருது, நடவும்."



3 பெப்ரவரி, திங்கள்

லில்லெஸ்ட்ரோமில் ஒரு பல் லாப்பில் கிழமைக்கு மூன்று நாள் வேலை. மெசின் வெட்டுகிற உறைக்குக் கடைசியில் நிறமும் மினுக்கமும் கொடுக்க ஒரு கை வேணுமாம். நேர்முகத்தில், பழைய இடத்தில் ஏதும் பிரச்சினை இருந்ததா என்று கேட்டார்கள். கேட்டவுடன் வாசமுட்டைக் கதை முழுக்கச் சொன்னேன். முதலாளி தலையைச் சொறிந்தார். திங்கள் தொடங்குங்கள் என்றார்.

இன்றைக்குத்தான் அந்தத் திங்கள்.

6 மார்ச், வியாழன்

இங்கெர் போன் எடுத்தார். லூக்காஸ் வாசமுட்டையில் தனக்கு உரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டானாம். வெளியூர் மியூசியம் ஒன்றுக்குப் போகிறது. மியூசியக்காரர் என் படத்தைக் கேட்கிறார்கள். அதோடு ஒரு யோசனையும் சொல்கிறார்கள்: படத்தைப் பார்த்து, அந்தப் பெயரை அதே இடத்தில் நான் திரும்பக் கீறித் தரமுடியுமா?

முடியும். திரும்பி நிற்கிற எழுத்தையும், மேலே ஏறிப் போன எழுத்தையும் அச்சு அசலாகக் கீறுவேன். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

"மாட்டன்" என்றேன்.

"ஏன்? நல்ல எண்ணத்திலைதானே..."

"அது மார்த்தேயின்ரை கை. என்ரை கையாலை அவளின்ரை பேரை எழுதினால் அதுவும் கள்ளம்தான். படத்தைப் பக்கத்திலை வையுங்கோ. வெள்ளியிலை இருக்கிறது இருக்கட்டும்."

இங்கெர் யோசித்தார். அப்படியென்றால் அட்டையில் "பொறிப்பு பிற்காலத்தது" என்று போடுவார்கள் என்றார்.

"பிற்காலம் எண்டால் எது? 2024 எண்டு போடவேணும். முதல் இருந்த பேர் அழிக்கப்பட்டது எண்டும் போடவேணும். அழிச்சதும் வெட்டினதும் ஆர் எண்டும் போடவேணும்."

"உங்கட பேரையா? அது தேவையில்லை, புஷ்பராணி. அவை அப்பிடிக் கேக்கேல்லை."

"நான் கேக்கிறன். இல்லாட்டிப் படம் தரமாட்டன்."

சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா, போனில் விளங்கவில்லை. பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எல்லா எழுத்தும்.

11 மே, ஞாயிறு

நேற்று, பெரியபிள்ளையான ஒரு பெட்டைக்குச் சாமத்தியச் சடங்கு. எனக்குத் தலையிடி, இவர் மட்டும் போனவர். வந்து, சாப்பாடு பரவாயில்லை, புரியாணிக்கு உப்புக் காணாது என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இன்றைக்குப் பின்னேரம் விமலாதேவி அக்கா போன் எடுத்தா. அந்தக் கடைக்குப் பிறகு இதுதான் முதல் தரம். நேற்று ஆண்கள் இருந்த மேசையில் லூர்து அண்ணை கேட்டாராம்: "தர்மலிங்கம், உம்மடை மனிசி ஏதோ வழக்கிலை பிடிபட்டவவாம், முடிஞ்சுதோ?"

இவர் சாப்பிட்ட கையோடு எழும்பி நின்றாராம்.

"பிடிபடேல்லை. தானாப் போய்ச் சொன்னவ. நான் வேண்டாம் எண்டு மறிச்சனான், என்னையும் தள்ளிப்போட்டுப் போனவ. உங்களிலை ஆர் அப்பிடிப் போவியள், கையை உயத்துங்கோ பாப்பம்."

ஒருத்தரும் உயர்த்தவில்லையாம். பிறகு இருந்து மிச்சத்தையும் சாப்பிட்டாராம்.

"உமக்குச் சொல்லவேணும்போலை இருந்தது" என்று அக்கா வைத்துவிட்டா.

பல்கனியில் இவர் செருப்புக்குப் பசை பூசிக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன, ஒரு மாதிரிச் சிரிக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. வாற சனி உங்களுக்கு லீவோ?"

"ஓம். ஏன்?"

"வாசமுட்டை வைச்சிருக்கிற அந்த மியூசியத்துக்குப் போட்டு வருவம் எண்டு."

செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசை காய்ந்ததா என்று அமத்திப் பார்த்தார்.

"பஸ்ஸிலை போவம்" என்றார். "ஒருநாளைக்கு நானும் பின்னாலை இருந்து வாறன்."